நிறைந்த வயிறு, பசித்த தோல்

நாய் வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி எழும் கேள்வி இது. "நேரத்துக்குச் சாப்பிடுகிறது. தட்டில் ஒரு பருக்கைகூட மிச்சம் வைப்பதில்லை. எடையும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. அப்புறம் ஏன் முடி இப்படிக் கொட்டுகிறது? மூக்கைச் சுற்றி ஏன் பொருக்குத் தட்டுகிறது?"

இப்படிக் கேட்பவர்கள் நாயைக் கவனிக்காதவர்கள் அல்ல. பாலும் முட்டையும் தவறாமல் கொடுப்பவர்கள். எலும்பு வலுப்பட வேண்டும் என்று கால்சியம் டானிக்கும் வாங்கி ஊற்றுபவர்கள். அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். சோற்றில் உப்புப் போட்டதுதான் காரணம் என்பார் ஒருவர். கறி சூடு, அதை நிறுத்துங்கள் என்பார் இன்னொருவர். உண்மையில் நாயின் உடலுக்கும் உப்பு தேவை. சாதாரண அளவு உப்பு முடியைக் கொட்ட வைப்பதில்லை. கறியில் சூடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. ஆனாலும் இந்தப் பேச்சுக்குள் ஒரு சரியான ஊகம் இருக்கிறது: தோலில் தெரியும் கோளாறுக்குக் காரணம் தட்டில் இருக்கலாம்.

தட்டில் இருப்பது வயிற்றுக்குப் போவது கண்ணுக்குத் தெரியும். வயிற்றிலிருந்து தோலுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது தெரியாது. அந்தத் தெரியாத வழியைத்தான் இந்த அத்தியாயத்தில் பின்தொடரப் போகிறோம்.

முதலில் பூச்சி, பிறகு உணவு

உணவுக்குள் நுழையும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் நாயின் தோல் கெடுவதற்கு முதல் காரணம் உணவு அல்ல. உண்ணி, தெள்ளுப்பூச்சி, சொறியை உண்டாக்கும் நுண்பூச்சிகள், பூஞ்சை, பாக்டீரியா ஆகியவைதான் முன்வரிசையில் நிற்கின்றன. கால்நடை மருத்துவர் தோலை லேசாகச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது இவற்றைக் கண்டுபிடிக்கத்தான். அந்தச் சோதனையைத் தாண்டாமல் 'சத்துக் குறைவு' என்று முடிவு கட்டினால், சொறிப்பூச்சி பெருகுவதற்கு நாமே அவகாசம் கொடுத்தவர்களாவோம்.

ஆனால் பூச்சிக்கு மருந்து கொடுத்தாயிற்று, ஷாம்பூ போட்டாயிற்று, குறைந்ததுபோல் இருந்து மறுபடி மறுபடி வருகிறது என்றால், அப்போது தட்டின் மேல் சந்தேகம் திரும்ப வேண்டும். சத்துக் குறைந்த தோலில் கிருமிகளும் எளிதில் குடியேறுகின்றன என்பதால், இரண்டு காரணங்களும் ஒரே நாயிடம் சேர்ந்தும் இருக்கலாம்.

தோலின் செலவுக் கணக்கு

உடலின் மிகப் பெரிய உறுப்பு தோல். நாய்க்கு அதன் மேல் ரோமமும் சேர்கிறது. ரோமத்தில் ஏறத்தாழ 95 சதவீதம் புரதம். நாய் ஒரு நாளில் உண்ணும் புரதத்தில் கால் பங்கிலிருந்து 30 சதவீதம் வரை தோலையும் ரோமத்தையும் புதுப்பிப்பதற்கே செலவாகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஏன் இவ்வளவு செலவு? மேல்தோல் ஓயாமல் புதிதாகிக்கொண்டிருக்கிறது. அடியில் செல்கள் பிரிந்து பெருகுகின்றன. பெருகியவை மேலே தள்ளப்படுகின்றன. போகும் வழியில் கெரட்டின் என்ற உறுதியான புரதத்தை நிரப்பிக்கொண்டு, தம் உட்கருவை இழந்து, தட்டையாகி, கடைசியில் கண்ணுக்குத் தெரியாத செதிலாக உதிர்ந்துவிடுகின்றன. அடியில் பிறந்த செல் மேலே வந்து சேர நாயிடம் ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும்.

இப்படி இடைவிடாமல் வேலை நடக்கும் இடத்தில் மூலப்பொருள் குறைந்தால் உடனே தெரிந்துவிடும். மூளைக்கும் இதயத்துக்கும் தேவையானதை உடல் எப்பாடுபட்டாவது கொடுத்துவிடும். பற்றாக்குறைக் காலத்தில் முதலில் வெட்டு விழுவது தோலுக்குத்தான். புரதம் குறைந்த நாயின் ரோமம் மினுமினுப்பை இழக்கிறது, மெலிகிறது, தடவினாலே கையோடு வருகிறது. ஆனால் இந்த அத்தியாயத்தில் நாம் நெருங்கிப் பார்க்கப்போவது புரதத்தை அல்ல. அதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் குறைந்த அளவில் தேவைப்படும் ஓர் உலோகத்தை. அதன் பெயர் துத்தநாகம். மருந்துக் கடையில் ஜிங்க் என்பார்கள்.

நான்கு மாதக் குட்டியின் முகம்

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். நான்கு மாத லாப்ரடார் குட்டி. வேகமாக வளர்கிறது. வீட்டில் சைவச் சமையல். குட்டிக்குச் சோறு, சப்பாத்தி, பால். கூடவே ஒரு கால்சியம் டானிக், கொஞ்சம் தாராளமாகவே.

முதலில் ரோமம் மங்குகிறது. பிறகு வாயைச் சுற்றியும், தாடையிலும், கண்ணைச் சுற்றியும், காது ஓரங்களிலும் தோல் சிவந்து, அதன் மேல் தடித்த பொருக்கு ஒட்டிக்கொள்கிறது. முன்னங்கால் முழங்கையிலும் பின்னங்கால் மூட்டிலும் அதே பொருக்கு. பாதத்தின் அடிமெத்தை கெட்டியாகி வெடிக்கிறது. பொருக்கை நீக்கிப் பார்த்தால் அடியில் ஈரம் கசிகிறது, சில இடங்களில் சீழும் இருக்கிறது. குட்டி சற்றுச் சோர்ந்திருக்கிறது; மற்றபடி பசிக்குக் குறைவில்லை.

பொருக்கு விழுந்த இடங்களைக் கவனியுங்கள். வாயும் தாடையும் தட்டில் உரசும் இடங்கள். முழங்கையும் பாதமும் தரையில் தேயும் இடங்கள். தேயும் இடத்தில் தோல் வேகமாகப் புதுப்பிக்கப்பட வேண்டும். புதுப்பிக்கும் வேலை எங்கே அதிகமோ, அங்கேதான் பற்றாக்குறை முதலில் வெளிப்படுகிறது.

மருத்துவர் அந்தத் தோலில் ஒரு பொட்டு எடுத்துச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைக்கிறார். நலமான தோலில் மேலடுக்கு வெறும் இளஞ்சிவப்புப் பட்டைகளாகத் தெரியும். உட்கரு ஒன்றுகூட இருக்காது. இங்கே அந்தப் பட்டைகள் பல மடங்கு தடித்திருக்கின்றன. அவற்றுக்குள் வரிசை வரிசையாக ஊதாப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் உதிர்ந்து போயிருக்க வேண்டிய ஓர் உட்கரு. செல்கள் முதிர்ச்சி அடையும் முன்பே மேலே வந்து குவிந்துவிட்டன. இந்த நிலையை 'முதிராச் செதில்' என்று சொல்லிக்கொள்வோம்; மருத்துவ நூல்களில் இதன் பெயர் பாராகெரட்டோசிஸ்.

துத்தநாகத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு? செல் பிரியும்போது மரபுப்பொருளைப் படியெடுக்கும் நொதிகள் உட்பட, உடலின் நூற்றுக்கணக்கான நொதிகள் துத்தநாகம் இல்லாமல் இயங்காது. அவசரத்துக்கு எடுத்துக்கொள்ளும்படியான பெரிய சேமிப்பும் உடலில் இல்லை. அன்றாடம் உணவில் வந்தாக வேண்டும்.

தட்டில் எவ்வளவு, தேவை எவ்வளவு

இப்போது அந்தக் குட்டியின் ஒரு நாள் உணவை எடைபோட்டுப் பார்ப்போம். அரிசி 200 கிராம், கோதுமை மாவு 100 கிராம், பால் அரை லிட்டர். வயிறு நிறைய இது போதும். வளரும் குட்டிக்கு வேண்டிய கலோரிகளில் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

தீட்டிய அரிசியில் 100 கிராமுக்குச் சுமார் 1.2 மில்லிகிராம் துத்தநாகம். 200 கிராமில் 2.4. முழுக் கோதுமை மாவு 100 கிராமில் சுமார் 2.8. அரை லிட்டர் பாலில் சுமார் 2. எல்லாம் சேர்த்தால் ஏறத்தாழ 7 மில்லிகிராம்.

தேவை எவ்வளவு? ஆஃப்கோ என்று அழைக்கப்படும் அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர்களின் சங்கம் வகுத்த அளவுகோலின்படி, ஈரம் நீக்கிக் கணக்கிட்ட ஒரு கிலோ உணவில் வளரும் குட்டிக்குக் குறைந்தது 100 மில்லிகிராம் துத்தநாகம் இருக்க வேண்டும். நம் குட்டியின் தட்டில் ஈரம் நீங்கலாக 330 கிராம் இருக்கிறது. அதற்கு 33 மில்லிகிராம் வேண்டும். கிடைப்பது 7. ஐந்தில் ஒரு பங்கு.

சரி, இரண்டு முட்டை சேர்ப்போம். இன்னும் 1.2 மில்லிகிராம் ஏறும். 100 கிராம் கோழிக்கறி சேர்த்தால் மேலும் ஒன்றரை. அப்போதும் 10 மில்லிகிராமைத் தாண்டவில்லை. கோழியைவிட ஆட்டுக்கறியிலும் மாட்டுக்கறியிலும் துத்தநாகம் அதிகம். 100 கிராமுக்கு நான்கைந்து மில்லிகிராம். அசைவம் சமைக்கும் வீட்டிலும் 'சிக்கன் சோறு' மட்டுமே கொடுத்தால் பள்ளம் முழுதாக நிரம்பாது என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

இது நம் ஊர் வீடுகளின் குறை மட்டும் அல்ல. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள் நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். புத்தகங்களிலும் இணையத்திலும் கிடைத்த குறிப்புகள் அவை. அவற்றில் 95 சதவீதத்தில் ஏதேனும் ஓர் அவசியச் சத்தாவது குறைவாக இருந்தது. கடைத் தீவனமும் மலிவாக, கணக்கில்லாமல் செய்யப்பட்டால் இதே கதைதான். 1981, 1982ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் அப்படிப்பட்ட பெயரில்லா மலிவுத் தீவனம் தின்ற 13 நாய்களுக்கு முகத்திலும் மூட்டுகளிலும் இதே பொருக்கு வந்தது பதிவாகியிருக்கிறது. நல்ல தீவனத்துக்கு மாற்றியதும் அவை தேறின.

இருப்பதையும் பிடித்துவைப்பது யார்?

தட்டில் 7 மில்லிகிராம் இருக்கிறது என்றோம். அது முழுவதும் இரத்தத்துக்குப் போவதில்லை. இங்கேதான் புதிரின் மையம் இருக்கிறது.

தானியங்களும் பருப்புகளும் தம் பாஸ்பரஸைப் பைட்டேட் என்ற சேர்மமாகச் சேர்த்து வைத்திருக்கின்றன. தானியத்தில் அது பெரும்பாலும் தவிட்டில் இருக்கிறது. முளைக்கும்போது விதைக்கு உதவும் சேமிப்பு அது. பைட்டேட்டுக்கு எதிர்மின்னூட்டம் அதிகம். துத்தநாகம் போன்ற நேர்மின்னூட்ட உலோகங்களை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நாயின் குடலால் அந்தப் பிடியைப் போதிய அளவு விடுவிக்க முடிவதில்லை. பிடிபட்ட துத்தநாகம் கழிவோடு வெளியேறிவிடுகிறது.

கால்சியம் மிகுந்தால் நிலை இன்னும் மோசமாகிறது. கால்சியம், பைட்டேட், துத்தநாகம் மூன்றும் சேர்ந்து குடல்நீரில் கரையாத கூட்டாகப் படிந்துவிடுகின்றன. எலும்பு வலுப்பட என்று ஊற்றிய டானிக், தோலுக்குப் போக வேண்டிய துத்தநாகத்தைக் குடலிலேயே மறிக்கிறது.

இந்த உண்மை வெளிவந்தது நாயிடமிருந்து அல்ல, பன்றியிடமிருந்து. 1950களில் அமெரிக்கப் பண்ணைகளில் தானியத் தீவனம் தின்று வேகமாக வளர்ந்த பன்றிகளின் தோல் தடித்துப் பொருக்கு விட்டது. தொற்றுநோயா என்று தேடினார்கள். 1955இல் அலபாமாவில் டக்கர், சால்மன் என்ற இரு ஆய்வாளர்கள், தீவனத்தில் சிறிதளவு துத்தநாகம் சேர்த்தாலே அது குணமாவதைக் காட்டினார்கள். கால்சியம் கூடினால் நோய் முற்றுகிறது என்பதும் அக்காலச் சோதனைகளில் தெரிந்தது. 1960இல் கோழிக்குஞ்சுகளை வைத்துச் செய்த ஆய்வு பைட்டேட்டின் பங்கை உறுதிப்படுத்தியது. 1961இல், இந்தியாவில் பிறந்த மருத்துவர் ஆனந்த பிரசாத், ஈரானில் பெரும்பாலும் ரொட்டியையே உண்டு வாழ்ந்த, வளர்ச்சி குன்றிய இளைஞர்களைப் பற்றி எழுதினார். மனிதருக்கும் துத்தநாகக் குறைவு நேரும் என்று உலகம் ஒப்புக்கொண்டது அந்தப் பாதையில்தான். 1963இல் நாய்களில் இந்தக் குறைபாட்டை விவரிக்கும் ஆய்வும் வந்துவிட்டது.

இதைப் படித்துவிட்டுச் சோற்றையே விலக்க வேண்டியதில்லை. மனிதனோடு வாழத் தொடங்கிய பிறகு மாவுச்சத்தைச் செரிக்கும் திறன் நாய்க்குக் கூடியிருக்கிறது. ஓநாயைவிட அதனிடம் அதற்கான மரபணுப் படிகள் அதிகம் என்று 2013இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டார்கள். சோறு நல்ல எரிபொருள். அது மட்டுமே உணவாவதுதான் சிக்கல். கால்சியமும் அப்படியே: எலும்பில்லாத வீட்டு உணவுக்குக் கால்சியம் சேர்த்தே ஆக வேண்டும், ஆனால் அளவைக் கண்மதிப்பில் முடிவு செய்யக் கூடாது. முழுச்சத்துத் தீவனம் தின்னும் பெரிய இனக் குட்டிக்கு அதற்கு மேலும் கால்சியம் கொடுத்தால் தோலோடு எலும்பும் கெடும்.

குட்டி தேறுகிறது, ஹஸ்கி?

நம் எடுத்துக்காட்டுக் குட்டிக்கு மருத்துவர் இரண்டு காரியம் செய்வார். கூடுதல் கால்சியத்தை நிறுத்தி, வளரும் குட்டிக்கென்று சரியாகக் கணக்கிட்ட உணவுக்கு மாற்றுவார். கொஞ்ச காலத்துக்குத் துத்தநாக மருந்தும் கொடுப்பார். உடல் எடையில் கிலோவுக்கு 2 முதல் 3 மில்லிகிராம் துத்தநாகம் என்பது வழக்கமான அளவு. பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள் பொருக்கு உதிர்ந்து புதுத்தோல் தெரியும். மேல்தோல் ஒரு சுற்று புதுப்பிக்கப்படவே மூன்று வாரம் ஆகும் என்பதால் அதற்குமுன் அவசரப்பட்டுப் பயனில்லை.

சைபீரியன் ஹஸ்கி, அலாஸ்கன் மாலமூட் இனங்களின் நிலை வேறு. இவற்றில் சில நாய்களின் குடல் பிறவியிலேயே துத்தநாகத்தைச் சரியாக உறிஞ்சுவதில்லை. தட்டில் எல்லாம் சரியாக இருந்தாலும் முகத்தில் பொருக்கு வரும். இந்த நோய்வகை கொண்ட 41 நாய்களைப் பற்றி 2001இல் வெளியான ஆய்வில் பெரும்பாலானவை ஹஸ்கிகள். இவற்றுக்கு உணவு மாற்றம் மட்டும் போதாது. பலவற்றுக்கு வாழ்நாள் முழுதும் துத்தநாக மருந்து தேவைப்படும்.

துத்தநாகம் நல்லது என்று நாமே வாங்கிக் கொடுக்கவும் கூடாது. அளவு மீறினால் வாந்தி வரும். மிகுந்தால் இரத்தச் சிவப்பணுக்கள் உடையும், உயிருக்கே ஆபத்து. துத்தநாகம் கலந்த களிம்பையோ காலமைனையோ நாயின் தோலில் தடவினால் அது நக்கித் தின்றுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எண்ணெய் என்றால் எந்த எண்ணெய்?

துத்தநாகம் செல்லை முதிரச் செய்கிறது. முதிர்ந்த செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைப்பது கொழுப்பு. மேல்தோலின் செல்கள் செங்கல் என்றால் அவற்றுக்கு இடையே உள்ள கொழுப்புதான் சாந்து. உடலின் ஈரம் வெளியேறாமலும் வெளிக்கிருமி உள்ளே வராமலும் தடுப்பது அதுவே. அந்தக் கொழுப்பின் முக்கியக் கூறு லினோலியிக் அமிலம். நாயின் உடலால் அதைத் தயாரிக்க முடியாது. உணவில்தான் வர வேண்டும்.

1929இல் மினசோட்டாவில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதி கொழுப்பே இல்லாத உணவை எலிகளுக்குக் கொடுத்தபோது, எலிகளின் தோல் செதில் செதிலாக உரிந்தது. லினோலியிக் அமிலம் கொடுத்ததும் சரியானது. 1940களில் கொழுப்புக் குறைந்த உணவில் வளர்த்த நாய்களிடமும் தோல் கெடுவதைக் கண்டார்கள்.

எல்லா எண்ணெயிலும் இது ஒரே அளவில் இல்லை. தேங்காய் எண்ணெயில் சுமார் 2 சதவீதம்தான். கடலை எண்ணெயில் ஏறத்தாழ 30, நல்லெண்ணெயில் 40, சூரியகாந்தி எண்ணெயில் பொதுவாக 60 சதவீதம் வரை. வெறும் தயிர்ச்சோறு தின்னும் நாயின் முதுகில் பொடுகுபோல் செதில் உதிர்ந்தால் இதைச் சந்தேகிக்கலாம். மேலே எண்ணெய் தேய்த்தால் ரோமம் மினுங்கும், உள்ளே இருக்கும் குறை தீராது. உணவில் சேர்த்தால் பலன் தெரிய ஒன்றிரண்டு மாதம் ஆகும். அளவு மீறினால் வயிற்றுப்போக்கும் கணைய அழற்சியும் வரக்கூடும்.

பச்சை முட்டை கொடுத்தால் ரோமம் வளரும் என்பதும் தவறான நம்பிக்கை. பச்சை வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் என்ற புரதம், தோலுக்குத் தேவையான பயோட்டின் என்ற வைட்டமினைப் பிடித்துக்கொள்ளும். முட்டையை வேகவைத்தால் அவிடின் செயலிழந்துவிடும்.

குறைவு அல்ல, ஒவ்வாமை

இதுவரை பார்த்தது பற்றாக்குறை. உணவால் வரும் தோல்நோயில் இன்னொரு வகை உண்டு. சத்தெல்லாம் சரியாக இருக்கும். ஆனால் குறிப்பிட்ட ஒரு புரதத்தை நாயின் நோய் எதிர்ப்பு அமைப்பு பகையாக எடுத்துக்கொள்ளும். அப்போது பொருக்கைவிட அரிப்பே முதல் அறிகுறி. ஆண்டு முழுதும் காது, பாதம், தொடை இடுக்கு, ஆசனவாய்ப் பகுதிகளைச் சொறிந்துகொண்டும் நக்கிக்கொண்டும் இருக்கும்.

297 நாய்களின் பதிவுகளைத் தொகுத்து 2016இல் வந்த ஆய்வில், மாட்டுக்கறி 34 சதவீத நாய்களுக்கும், பால் பொருட்கள் 17, கோழி 15, கோதுமை 13 சதவீத நாய்களுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. அரிசி 2 சதவீதம்தான். ஆக, பலர் சத்துக்காகக் கொடுக்கும் பாலும் கோழியும் பட்டியலில் மேலே இருக்கின்றன.

இரத்தப் பரிசோதனை இதைத் துல்லியமாகச் சொல்லாது. நாய் இதுவரை தின்றிராத ஒரே புரதத்தையும் ஒரே மாவுப்பொருளையும் மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பதே நம்பகமான வழி. அரிப்பு குறைந்தால், பழைய உணவை மீண்டும் கொடுத்து அரிப்பு திரும்புகிறதா என்று உறுதி செய்ய வேண்டும். நடுவில் ஒரு பிஸ்கட் கொடுத்தாலும் சோதனை கெட்டுவிடும். வீட்டில் உள்ள எல்லோரும் ஒத்துழைக்க வேண்டிய சோதனை இது.

இன்றே செய்யக்கூடியது

தோல் கெட்ட நாயைப் பார்த்ததும் எதையாவது புதிதாகச் சேர்க்கத்தான் நம் மனம் ஓடுகிறது: ஒரு டானிக், ஒரு முட்டை, ஒரு ஸ்பூன் எண்ணெய். சேர்ப்பதற்கு முன் எழுதுங்கள். ஒரு வாரம் அதன் வாய்க்குள் போகும் ஒவ்வொன்றையும் அளவோடு குறித்துக்கொள்ளுங்கள். சோறு, பால், கறி, டானிக், குழந்தைகள் போடும் பிஸ்கட், வாசலில் யாரோ கொடுத்த வடை, எதையும் விடாதீர்கள். அந்தத் தாளோடு கால்நடை மருத்துவரிடம் போங்கள். பூச்சியா, பற்றாக்குறையா, ஒவ்வாமையா என்று பிரித்தறிய அவருக்கு அந்தத் தாள் பெரிய உதவி. நாய்க்குத் தன் தட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. நாம் வைப்பதைத்தான் அது தின்கிறது. ஆகவே, என்ன வைக்கிறோம் என்பதை அறிந்து வைப்பது நம் கடமை.